கீழ் டிராயரில் மஞ்சள் கவர்கள்

கல்யாணமாகிப் புது வீட்டுக்குள் வரும் பெண், முதல் வாரத்தில் என்ன செய்வாள்? எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டம் விடுவாள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். (அடித்தட்டில் நீங்கள் ஒளித்து வைத்திருந்தது அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை!)

1889 ஏப்ரல். பாரீஸில், பிகால் பக்கம் ஒரு ஃப்ளாட். ஹாலந்திலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்கிய யோஹன்னாவும் அதைத்தான் செய்தார். வயது 26. இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். கணவரின் சின்ன எழுத்து மேஜையில் கீழ் டிராயரை இழுத்துப் பார்த்தால், உள்ளே முழுக்க முழுக்கக் கடிதங்கள்! எல்லாம் ஒரே கையெழுத்து.

பழைய காதலியா? அதெல்லாம் இல்லை. அத்தனையும் கணவரின் அண்ணன் எழுதியவை. தம்பிக்கு 15 வயதாக இருந்தபோது ஆரம்பித்த பழக்கம். அண்ணனுக்கு அப்போது 19. பதினாறு வருஷத்துக்கும் மேலாக ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறார் மனுஷர். அதோடு நின்றதா? வாரா வாரம் புதுசாக மஞ்சள் நிறக் கவர்கள் வந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நாளில் அந்தக் கையெழுத்தை தூரத்திலிருந்து பார்த்தாலே யோஹன்னாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கவர் பிரிக்கப்படும், படிக்கப்படும், டிராயருக்குள் போகும்.

கணவர் பெயர் தியோ. மஞ்சள் கவர் அனுப்பிய அண்ணன் பெயர், வின்சென்ட் வான்கோ.

‘ஓ... காதை அறுத்துக்கிட்டவரா?’ என்கிறீர்களா? அவரேதான். அது என்னவோ, அவர் பெயரைச் சொன்னதும் நம் எல்லோருக்கும் அந்தக் காதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பாவம்! அந்த டிராயரில் இருந்த கடிதங்களைப் படித்தால் வேறொரு ஆள் கிடைக்கிறார். ஒரு நாற்காலிக்கு என்ன கலர் அடிப்பது என்று குழந்தை மாதிரி குதூகலிக்கிற ஆள். இந்த வாரம் அவரைப் பார்ப்போம். அந்த டிராயரைக் காப்பாற்றிய பெண்ணையும்.

முதலில் கொஞ்சம் குடும்பக் கதை.

அப்பா ஹாலந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார். வின்சென்ட் 1853-ல் பிறந்தவர், தியோ நாலு வயது இளையவர். பெரியவருக்கு எந்த வேலையும் ஒட்டவில்லை. ஓவியங்களை வாங்கி விற்கும் கம்பெனியில் சேர்ந்தார். 1876-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் வாத்தியார், ஹாலந்தில் புத்தகக் கடை, பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு நடுவே மதப் பிரசாரம்... ம்ஹூம்! கடைசியில் 1880-ல், 27-வது வயதில், ‘இனி ஓவியம்தான் என் தொழில்’ என்று உட்கார்ந்தார். நம் வீடுகளில் 27 வயசுப் பையன் இப்படி அறிவித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே தம்பி கைகொடுத்தார். அண்ணன் வேலையை இழந்த அதே ஓவியக் கம்பெனியில் சேர்ந்து, பாரீஸ் கிளை ஒன்றின் மேனேஜர் வரை உயர்ந்தவர் தியோ. மாதாமாதம் அண்ணனுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார். முதலில் 100 பிராங்க், பிறகு 150. பின்னாளில் 200-ஐயும் தாண்டியது.

நான் பி.காம். படித்தவன். எனவே இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சுவாரஸ்யம். தம்பி காசில் சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல் அண்ணனுக்கு. 1884-ல் ஒரு யோசனை சொல்கிறார்: இனி நீ அனுப்பும் பணம் தர்மம் இல்லை. நான் வரைவதை எல்லாம் உனக்கு அனுப்பிவிடுகிறேன், அது உன் சொத்து, நீ அனுப்புவது அதற்கான விலை என்று வைத்துக்கொள்வோம்! அன்பளிப்புக் கணக்கிலிருந்து கொள்முதல் கணக்குக்கு ஒரே என்ட்ரியில் மாற்றிவிட்டார். மனுஷருக்கு வியாபாரம் தெரியாது என்று யார் சொன்னது? அந்தக் கொள்முதல் சரக்கின் இன்றைய மதிப்பைச் சொன்னால் நமக்குத் தலை சுற்றும். அன்றைக்கோ, தியோவின் ஃப்ளாட்டில் கட்டிலுக்கு அடியில்கூட கேன்வாஸ்கள் கிடந்தன.

ஆக, அந்தக் கடிதங்கள் வெறும் குசலம் விசாரிப்பு இல்லை. வரவு - செலவு அறிக்கை, சரக்கு ஆர்டர், வேலை முன்னேற்றம்... எல்லாம் ஒரே கவரில்! தம்பியிடமிருந்து வரும் கடிதத்துக்குள் மடித்து வைத்த 50 பிராங்க் நோட்டு இருக்கும். அண்ணனின் பதில்கள் பல, நோட்டு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கும். அப்புறம் கலர் பட்டியல். 1888 ஏப்ரலில் போட்ட ஒரு பட்டியல் அசல் மளிகைச் சிட்டைதான். வெள்ளையில் பெரிய ட்யூப் இத்தனை, குரோம் மஞ்சளில் மூன்று தினுசு, மரகதப் பச்சை, பிரஷ்யன் நீலம், ‘ஜெரேனியம் லேக்’ என்று ஒரு பளீர் ரோஜாச் சிவப்பு...

இந்த ஜெரேனியம் லேக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

பெயிண்ட் ட்யூபுக்கே அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால், அரைத்த கலரைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் ரொப்பிக் கட்டி வைப்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். மிச்சம் காய்ந்துபோகும், சில சமயம் பை வெடித்தும் வைக்கும். ட்யூப் வந்த பிறகுதான் ஓவியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போக முடிந்தது. கூடவே ரசாயனத் தொழிற்சாலைகள் வருஷத்துக்கு ஒரு புதுக் கலரைக் கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஓவியர்களுக்கு தினம் தினம் தீபாவளி!

வின்சென்ட் ஆரம்பத்தில் இந்தப் பக்கமே வரவில்லை. 1885-ல் அவர் வரைந்த ‘உருளைக்கிழங்கு தின்பவர்கள்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இருட்டு, பழுப்பு. தோல் உரிக்காத, மண் அப்பிய உருளைக்கிழங்கின் நிறம்தான் தனக்கு வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். மறுவருஷம் பாரீஸுக்குப் போய்த் தம்பியோடு தங்கினார். அங்கே புது ஓவியர்களின் சகவாசம். கலர் வெளுத்து, வெளிச்சம் வந்தது. ஆனால், அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு மிகக் குறைவாகத் தெரியும். ஏன் தெரியுமா? அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கடிதம் எழுதிக்கொள்ளும் தேவையே அநேகமாக இல்லை!

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ மியூசியத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே 16 உல்லன் நூல் உருண்டைகள். ஸ்வெட்டர் பின்னவா? இல்லை. இரண்டு, மூன்று கலர் நூலைச் சேர்த்துச் சுற்றி, எந்த கலருக்குப் பக்கத்தில் எந்த கலர் நின்றால் தூக்கும் என்று வின்சென்ட் சோதித்துப் பார்ப்பதற்காக! இதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானி இருக்கிறார். பெயர் செவ்ரூல். பாரீஸில் கோபலன் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவர். ‘உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது’ என்று அவருக்குப் புகார் வந்தது. நூலை எடுத்து சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்திருக்கிறது! இதையே ஆராய்ந்து 1839-ல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை என்று வைத்தால், இரண்டுமே முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். மாம்பழ மஞ்சளுக்கு ஊதா பார்டர் போட்ட பட்டுப்புடவையை ஜவுளிக்கடைக்காரர் ஏன் முதலில் எடுத்து விரிக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

1888 பிப்ரவரியில் வின்சென்ட் தெற்கு பிரான்ஸில் உள்ள ஆர்ல் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். வெயிலைத் தேடி வந்தவரை வரவேற்றது பனி! மே மாதம் மூலைவீடு ஒன்றில் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்தார். நாலு ரூம், மாதம் 15 பிராங்க். வெளிச்சுவரில் புது வெண்ணெயின் மஞ்சள், ஜன்னல் கதவுகளில் பளீர் பச்சை. நம் ஊர்க் கிராமத்து வீடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஆனால், வின்சென்ட் அந்த வீட்டின்மேல் கிறுக்காகவே ஆகிவிட்டார். செப்டம்பரில் தியோ அனுப்பிய 300 பிராங்கை வைத்து சாமான் வாங்கினார். இரண்டு கட்டில், கண்ணாடி, 12 நாற்காலிகள். தனிக்கட்டைக்கு எதற்கய்யா 12 நாற்காலி? நண்பர்கள் வருவார்கள், சேர்ந்து வரைவோம் என்று கனவு. வந்தது ஒரே ஒருவர், ஓவியர் கோகன். அவர் ரூம் சுவரில் மாட்டுவதற்காகத்தான் அந்த உலகப் புகழ்பெற்ற சூரியகாந்திகளை ஆகஸ்ட்டில் வரைந்தார். பூ சீக்கிரம் வாடிவிடும் என்பதால், விடிந்ததும் விடியாததுமாக பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம்.

பணம் எல்லாம் கலருக்கும் கேன்வாஸுக்கும் போயிற்று. அக்டோபரில் ஒரு கடிதத்தில், நாலு நாளாக 23 கப் காபியிலும், இன்னும் காசு கொடுக்காத ரொட்டியிலும் வண்டி ஓடுகிறது என்று கணக்கு எழுதுகிறார். கப்பை எண்ணியிருக்கிறார் பாருங்கள்! புகார் சொல்கிற தொனிகூட இல்லை. அதே கடிதக் கற்றையில்தான், தோட்டத்தில் பார்த்த பச்சையையும் ராத்திரி வானத்தின் நீலத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்.

அந்த ஊரில் அவருக்குக் கிடைத்த உண்மையான சிநேகிதர் ரூலன். ரயில்வே ஸ்டேஷனில் தபால் மூட்டைகளைக் கையாளும் உத்தியோகம். தங்க நிற பட்டன் வைத்த கருநீல யூனிஃபார்ம், தொப்பியில் ‘தபால்’ என்று எழுத்து, இரண்டாகப் பிரிந்து தொங்கும் மகா தாடி. பாரீஸுக்குப் போகும் கடிதக் கட்டுகள் ஏறும் ஸ்டேஷன்காரரையே உட்கார வைத்து வரைந்தார் வின்சென்ட். உட்காருவதற்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார் ரூலன். ஆனால், கூடவே சாப்பிட்டு, குடித்து... காசு கொடுத்திருந்தாலே மலிவாக முடிந்திருக்கும் என்று தம்பிக்கு எழுதினார் அண்ணன். ரூலனின் மாதச் சம்பளம் 135 பிராங்க். அதில் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார் என்பதையும் வின்சென்ட் குறித்து வைத்திருக்கிறார். தனக்கு தம்பி அனுப்புவது அதைவிட அதிகம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அந்தக் குற்ற உணர்ச்சி கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும்.

அக்டோபர் 16. அன்றைக்கு எழுதிய கடிதம்தான் என்னைப் பொறுத்தவரை அந்த டிராயரிலேயே மிகச் சந்தோஷமான கடிதம். விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. தன் படுக்கையறையை வரையப் போகிறார், அவ்வளவுதான். பேனாவால் ரூமை அப்படியே கடிதத்தில் கிறுக்கிக் காட்டிவிட்டு, கலர்களை வரிசையாகச் சொல்கிறார். சுவர் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் வெண்ணெய் மஞ்சள். தலையணைக்கு எலுமிச்சைப் பச்சை. போர்வை பளீர் சிவப்பு. ஜன்னல் பச்சை, முகம் கழுவும் மேஜை ஆரஞ்சு, அதன்மேல் நீலத் தொட்டி. இத்தனை கலரும் சேர்ந்து, பார்க்கிறவருக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஓர் அமைதியைக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். மறுநாளே கோகனுக்கு இன்னொரு கடிதம். அதே ரூம், அதே கலர்கள், மறுபடி முதலிலிருந்து! புது வீடு கட்டியவர் பார்க்கிறவரிடம் எல்லாம் டைல்ஸைப் பற்றிப் பேசுவாரே, அந்த மாதிரி.

இந்தப் படம் இன்று மூன்று பிரதிகளாக இருக்கிறது. மூன்றும் அவர் கையால் வரைந்தவை. ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, சிகாகோவில் ஒன்று, பாரீஸில் ஒன்று. கேலண்டரிலோ, ஓட்டல் சுவரிலோ நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடி ஞாபகப்படுத்திப் பாருங்கள். சுவர் என்ன கலர்?

நீலம்!

கடிதத்தில் ஊதா, படத்தில் நீலம். மனுஷர் மாற்றி எழுதிவிட்டாரா? இங்கேதான் வில்லன் கூட்டம் வருகிறது. ஊதா என்பது நீலமும் சிவப்பும் சேர்ந்தது. அவர் கலந்த சிவப்பு, வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகிற ஜாதி. வருஷக்கணக்கில் சிவப்பு மட்டும் மெல்ல ஓடிப்போய்விட, சுவரில் நீலம் தனியாக நிற்கிறது.

இப்படி ஓடிப்போகும் சிவப்புகளில் பேர்போனதுதான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன ஜெரேனியம் லேக். 1870-களில் ஜெர்மன் ரசாயனக்காரர்கள் கண்டுபிடித்த ‘இயோசின்’ என்ற சாயத்திலிருந்து செய்தது. இயோஸ் என்றால் கிரேக்கர்களின் விடியல் தேவதை. பெயருக்கேற்ற கலர், பெயருக்கேற்ற ஆயுசு! இந்த இயோசின் உங்களுக்கும் பழக்கமானதுதான். சிவப்பு மையில் இதைத்தான் காலகாலமாகச் சேர்த்தார்கள். நான் காலேஜில் லெட்ஜர் பக்கங்களுக்கு சிவப்பு மையால் டபுள் லைன் போட்ட அக்கவுன்டன்ஸி நோட்டு ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. நீல எண்கள் நன்றாகத் தெரிகின்றன. கோட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வின்சென்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. புது கலர்கள் எல்லாம் நிலைக்காதவை என்று 1888-லேயே தம்பிக்கு எழுதுகிறார். சரி, அதற்காக விட்டுவிட்டாரா? காலம் எப்படியும் வெளுக்கத்தானே போகிறது, இப்போதே தூக்கலாக அடித்துவிடுவோம் என்கிறார்! தெரிந்தே வாங்கினார், தெரிந்தே பூசினார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதேசமயம், அத்தனை கணக்குப் பார்க்கிற தம்பி இதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார் என்ற யோசனையும் வராமல் இல்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1888 டிசம்பர் 23. கோகனோடு சண்டை, காது, ஆஸ்பத்திரி. ரூலன்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, பாரீஸுக்குத் தகவலும் எழுதினார். ஜனவரியில் வீட்டுக்குத் திரும்பியதும் வின்சென்ட் வரைந்த ஒரு படம் இருக்கிறது. ஒரு பலகை மேல் வெங்காயத் தட்டு, வீட்டு வைத்தியப் புத்தகம், மெழுகுவத்தி, கடிதத்துக்கு ஒட்டும் அரக்குக் குச்சி. மேஜை ஓரத்தில், ஒரு கவர். தியோவிடமிருந்து வந்தது. தனக்கும் யோஹன்னாவுக்கும் கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சொன்ன கடிதமாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் வாதாடுகிறார். உடம்பு தேறியதும் அவர் முதலில் உட்கார்ந்து வரைந்த பொருட்களில், தம்பியின் கவருக்கும் இடம் இருந்தது என்பதுவரை நிச்சயம்.

1889 மே மாதம் மனநல விடுதியில் தானாகவே போய்ச் சேர்ந்தார். மஞ்சள் கவர்கள் நிற்கவில்லை. 1890 ஜனவரி 31, தியோ தம்பதிக்கு ஆண் குழந்தை. பெயர் வின்சென்ட்! பெரியப்பா, நீல வானத்தில் பாதாம் கிளை பூத்துக் குலுங்கும் படம் ஒன்றை வரைந்து அனுப்பினார். மே மாதம் அவரே நேரில் வந்தார். நோயாளியை எதிர்பார்த்துக் காத்திருந்த யோஹன்னாவுக்கு ஆச்சரியம். அகலமான தோள், நல்ல நிறம், சிரித்த முகம். என் கணவரைவிடத் தெம்பாக இருக்கிறாரே என்று தோன்றியதாம். அண்ணனும் தம்பியும் தொட்டிலருகே நின்று, தூங்கும் குழந்தையைப் பேசாமல் பார்த்தார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

ஜூலை 27-ம் தேதி, பாரீஸுக்குப் பக்கத்தில் ஆவேர் கிராமத்தில் வின்சென்ட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 29-ம் தேதி தம்பி பக்கத்தில் இருக்க உயிர் பிரிந்தது. தம்பிக்கு எழுதி, அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம் அவரிடம் இருந்தது. தியோ நொறுங்கிப்போனார். ஆறே மாதம். 1891 ஜனவரி 25-ம் தேதி அவரும் போய்விட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். யோஹன்னாவுக்கு 28 வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கையில் ஒரு வயது நிரம்பாத பிள்ளை. கணவர் விட்டுப்போன சொத்து? யாரும் வாங்காத நூற்றுக்கணக்கான ஓவியங்கள், ஒரு டிராயர் கடிதம். இந்தப் படங்களை ஒழித்துக்கட்டிவிட்டு நிம்மதியாக இரு என்று புத்திமதி சொன்னவர்களும் இருந்தார்கள். மைத்துனரை அவர் நேரில் பார்த்ததே மொத்தம் மூன்று தடவைதான்.

குழந்தையோடு தனியாக வீடு திரும்பிய முதல் ராத்திரி, அவர் அந்தக் கடிதங்களை எடுத்தார். வின்சென்ட்டைத் தேடி இல்லை. அதற்குள் தியோ இருப்பார் என்று நினைத்தார். இதை யோஹன்னாவே பின்னால் எழுதியிருக்கிறார். கணவரின் உடம்பைப் பற்றி, அவர் குணத்தைப் பற்றி, அவர் சொன்னதற்கெல்லாம் அண்ணன் எழுதிய பதிலைப் பற்றி... வரி வரியாகத் தேடி, ராத்திரி ராத்திரியாகப் படித்தார். யோசித்துப் பாருங்கள். தியோ அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் இன்று மிச்சமிருப்பவை சுமார் 40-தான். வின்சென்ட் எதையும் பத்திரப்படுத்தும் ஆளில்லை. கணவரின் குரலை அவர் அண்ணனின் கையெழுத்தில்தான் கேட்க வேண்டியிருந்தது அந்தப் பெண்ணுக்கு.

ஹாலந்து திரும்பி, பஸ்ஸம் என்ற ஊரில் ஒரு போர்டிங் ஹவுஸ் ஆரம்பித்தார். தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, துணைக்குக் கதைகள் மொழிபெயர்த்துச் சம்பாதித்தார். வீட்டுச் சுவரெல்லாம் மைத்துனர் படங்கள். குழந்தை தூங்கியபிறகு கடிதங்கள். அதுவும் லேசுப்பட்ட வேலையா? வின்சென்ட் பெரும்பாலும் தேதி போடவே மாட்டார். எதற்குப் பின் எது என்று உள்ளே இருக்கும் விஷயத்தை வைத்தே அடுக்க வேண்டும்.

உடனே அச்சுக்குக் கொடுத்திருந்தால் பரபரப்பாக விற்றிருக்கும். காது அறுத்த ஓவியனின் அந்தரங்கக் கடிதங்கள்! யோஹன்னா மறுத்துவிட்டார். படங்களை முதலில் ஜனங்கள் பார்க்கட்டும். அதற்கு முன் ஆளைப் பற்றிக் கதை கிளப்பினால் அந்த மனுஷருக்குச் செய்யும் அநியாயம் என்றார். கண்காட்சி கண்காட்சியாகப் படங்களை அனுப்பினார். மொத்தமாக விற்றுத் தீர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் பார்த்து விற்றார். 1905-ல் ஆம்ஸ்டர்டாம் நகர மியூசியத்தில் தன் செலவில் அறைகளை வாடகைக்கு எடுத்து, 480-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். எம்.பி.ஏ. படிப்பவர்களுக்கு இந்த அம்மாவைப் பாடமாக வைக்கலாம் என்பது என் கட்சி.

கடிதங்கள் புத்தகமாக வந்தது 1914-ல். மூன்று தொகுதிகள். மஞ்சள் கவர் டிராயரை அவர் முதன்முதலாகத் திறந்து 25 வருஷம் ஆகியிருந்தது. சில குடும்ப விஷயங்களை வெட்டியிருந்தார், சில பெயர்களை மறைத்திருந்தார். ஆராய்ச்சியாளர்கள் அதற்காக அவரைக் கடிந்துகொள்வது உண்டு. நியாயம்தான். ஆனால், மூலத்தைக் கிழித்துப் போடவில்லையே! அதே வருஷம், ஹாலந்தில் புதைத்திருந்த தியோவின் உடலை எடுத்துப்போய், ஆவேரில் அண்ணன் பக்கத்திலேயே வைத்தார்.

அப்புறம் அதை இங்கிலீஷில் கொண்டுவர ஆசைப்பட்டார். பழைய இங்கிலீஷ் டீச்சர் அல்லவா! தானே உட்கார்ந்து மொழிபெயர்த்தார். நடுவே 1924-ல் லண்டன்காரர்கள் சூரியகாந்தி படத்தை விலைக்குக் கேட்டு நச்சரித்தார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக தினம் பார்க்கிற படம், பிரிய முடியாது என்று முதலில் மறுத்தார். பிறகு, வின்சென்ட்டின் பெருமைக்காக என்று மனசைத் தேற்றிக்கொண்டு கொடுத்தார். 1925 செப்டம்பர் 2-ம் தேதி இறந்தபோது, 526 கடிதங்களை மொழிபெயர்த்து முடித்திருந்தார்.

இப்போது மறுபடி அந்த நீலச் சுவருக்கு வருவோம்.

இன்றைக்கு வான்கோவின் படங்களை விஞ்ஞானிகள் எக்ஸ்ரே கதிர்களின் கீழே வைத்து ஆராய்கிறார்கள். அவருடைய செல்லமான குரோம் மஞ்சள், வெளிச்சம் பட்டால் ஏன் பழுப்பாகிறது என்பதை 2011-ல் ரசாயன ரீதியாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதிலிருக்கும் குரோமியம் மாறிப்போகிறதாம். ஆம்ஸ்டர்டாம் சூரியகாந்தி இனி எங்கேயும் பயணம் போகாது என்று 2019-ல் மியூசியமே அறிவித்துவிட்டது. 1890-ல் வரைந்த ரோஜாக் கொத்து இரண்டு அமெரிக்காவில் இருக்கின்றன. நியூயார்க்கில் ஒன்று, வாஷிங்டனில் ஒன்று. பார்த்தால் வெள்ளை ரோஜாக்கள். ஆனால், அவர் வரைந்தது ரோஸ் கலர் ரோஜா. பாதாம் பூவிலும் ரோஸ் இன்னும் தூக்கலாக இருந்தது. எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு ஓடிப்போயிருக்கிறது.

ரோஸ் என்று எப்படித் தெரியும்? கருவிகள் சாயத்தின் மிச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். எந்த இடத்தில் என்ன கலர், யாருக்குப் பக்கத்தில் யார் என்று முழுசாகச் சொல்வது, அந்த டிராயர். 2016-ல் சிகாகோவில் மூன்று படுக்கையறைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, கூடவே பழைய கலரை கம்ப்யூட்டரில் மீட்டுக் காட்டினார்கள். ஊதாச் சுவர் திரும்ப வந்தது. கட்டில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. செவ்ரூல் சொன்ன அதே மஞ்சள் - ஊதா ஜோடி!

கடிதங்களின் மையும் நிலைத்து நிற்கவில்லை. கறுப்பாகவும் ஊதாவாகவும் எழுதியவை பழுப்பேறிவிட்டன. அதனால் அசலை இருட்டில் வைத்துப் பாதுகாக்கிறார்கள், அபூர்வமாகத்தான் காட்சிக்கு எடுக்கிறார்கள். வின்சென்ட் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகக் கிடைத்திருக்கும் 902 கடிதங்களையும் 2009-ல் முழுசாக வெளியிட்டார்கள். இன்டர்நெட்டில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு, கையெழுத்துப் படத்தோடு இலவசமாகவே படிக்கலாம். அதில் 1888 அக்டோபர் 16-ம் தேதிக் கடிதத்தைத் திறந்து, பக்கத்தில் உங்கள் வீட்டு கேலண்டர் படத்தை வைத்துப் பாருங்கள். சுவருக்கு நேராக, ‘வெளிர் ஊதா’ என்று எழுதியிருக்கிறார்.